மூன்று நிமிட ராஜா

செஸ் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் எல்லாக் குழந்தைகளும் ஒரு காரியம் செய்யும். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். அடுத்த மூவிலேயே ராணியைக் கிளப்பி ஹெச்5 கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கூடவே பிஷப்பும் வந்தால் நாலாவது மூவில் செக்மேட். மாமாவோ சித்தப்பாவோ ஏமாந்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம். ஏமாறவில்லை என்றால் ராணி தெருத்தெருவாகத் துரத்தப்படும். 'ராணியை சீக்கிரம் வெளியே எடுக்காதே' என்பது எந்த கோச்சும் சொல்லித்தரும் முதல் பாடம்.

2005ல், ஸ்வீடன்-டென்மார்க்கில் நடந்த சிகமன் போட்டியில், ஒரு கிராண்ட்மாஸ்டர் இன்னொரு கிராண்ட்மாஸ்டருக்கு எதிராக இதே காரியத்தைச் செய்தார். செய்தவர் அப்போதைய அமெரிக்க சாம்பியன் ஹிகாரு நகமுரா, வயது 17. எதிரில் உட்கார்ந்திருந்தவர் நம்ம சென்னை சசிகிரண். சசிகிரண் எப்படிப்பட்டவர் என்று செஸ் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கூரையே இடிந்து விழுந்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் வராது. அவர் பதறவில்லை, சிரிக்கவும் இல்லை. பொறுமையாக ஆடினார். எண்பது மூவுக்கு மேல் போன ஆட்டத்தில் ஜெயித்தார்.

விஷயம் என்னவென்றால், நகமுரா அந்த ராணி மூவால் தோற்கவில்லை. ஓப்பனிங் முடிந்தபோது அவர் நிலைமை ஒன்றும் மோசமில்லை. பிறகுதான் கோட்டை விட்டார். 'பார்த்தீர்களா, ராணியை சீக்கிரம் எடுக்கலாம்' என்று அவரும் சொல்லலாம், 'பார்த்தாயா, தோற்றாய்' என்று நாமும் சொல்லலாம். இந்த மனுஷனைப் பற்றி எந்த விமர்சனம் எழுத உட்கார்ந்தாலும் இந்தச் சிக்கல் வரும். சுலபத்தில் குற்றம் சொல்ல முடியாது. சும்மா விடவும் முடியாது.

ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு அறிமுகம். 1987 டிசம்பரில் ஜப்பானில், ஒசாகா பக்கத்தில் பிறந்தவர். இரண்டு வயதில் அமெரிக்கா. வளர்ப்புத் தந்தை சுனில் வீரமந்திரி, இலங்கைக்காரர், பேர்போன செஸ் கோச். 2003ல், 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதுவரை மிக இளைய அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனை பாபி ஃபிஷரிடம் இருந்தது. அமெரிக்க சாம்பியன் பட்டம் ஐந்து முறை. 2015 அக்டோபரில் ரேட்டிங் 2816. இதெல்லாம் போர்டு முன்னால் உட்கார்ந்து சாதித்தது. ஆனால் உலகம் அவரை அறிந்தது கம்ப்யூட்டர் திரையில். 2000களில் இன்டர்நெட் செஸ் கிளப்பில் 'ஸ்மால்வில்' என்ற பெயரில் ராப்பகலாக பிளிட்ஸ் ஆடிக்கொண்டிருந்த பையன் இவர்தான் என்பது அப்போதே ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம்.

பிளிட்ஸ் என்றால் ஆளுக்கு மூன்று அல்லது ஐந்து நிமிடம். முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான். ஒரு நிமிடம் மட்டும் என்றால் அது புல்லட். முள் விழுந்தால் போர்டில் ராணி இருந்தாலும் தோல்விதான்.

சரி, இவருடைய பிளிட்ஸில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில், கை. நெட்டில் ஆடும்போது 'ப்ரீமூவ்' என்று ஒன்று உண்டு. எதிராளி ஆடுவதற்கு முன்னாலேயே, 'அவன் எதை ஆடினாலும் நான் இதைத்தான் ஆடுவேன்' என்று மவுஸால் இழுத்து வைத்துவிடலாம். செஸ்.காமில் அதற்குப் பத்தில் ஒரு விநாடிதான் கழியும். நீங்களும் நானும் ப்ரீமூவ் செய்தால் ராணியை இலவசமாகக் கொடுத்துவிட்டு முழிப்போம். நகமுரா மூன்று, நான்கு மூவ்களை ஒரே கணக்காக மனதில் வைத்திருப்பார். கடைசிப் பத்து விநாடியில் அவர் காய்கள் நகர்வதைப் பார்த்தால் அது செஸ்ஸா, தட்டச்சுப் பயிலகமா என்று சந்தேகம் வரும். 2009ல் புரூஸ் ஹார்ப்பரோடு சேர்ந்து புல்லட் செஸ்ஸுக்கென்றே தனியாக ஒரு புத்தகம் போட்டவர் அவர். இந்த அவசரத்துக்கும் ஒரு இலக்கணம் உண்டு என்று நம்புகிறவர்.

ஆனால் கை வேகம் மட்டும் என்றால் வீடியோ கேம் ஆடும் எந்தப் பையனும் சாம்பியன் ஆகிவிடலாமே! நகமுராவின் நிஜ பலம் வேறு. அவர் பிளிட்ஸில் சிறந்த மூவைத் தேடுவதே இல்லை என்பது என் அபிப்பிராயம். எதிராளிக்குத் தலைவலி தரும் மூவைத் தேடுகிறார். தன் நிலைமை சுமாராக இருந்தாலும் காய்களை வெட்டித் தீர்த்துக்கொள்ள மாட்டார். போர்டில் கூட்டம் இருக்கட்டும் என்று விடுவார். கூட்டம் இருந்தால் எதிராளி யோசிப்பான், யோசித்தால் நேரம் போகும். அவருக்கு யோசிக்க வேண்டியதில்லை, அந்த மாதிரி நிலைமைகளை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். எதிராளிக்கு இருபது விநாடி, இவருக்கு நாற்பது என்று வந்ததும் பாருங்கள், ஆட்டத்தின் குணமே மாறிவிடும். அதுவரை வேலியோரம் நின்ற ஆள் திடீரென்று நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

இன்னொன்று, தோற்கிற ஆட்டத்தில் அவர் காட்டும் பிடிவாதம். ஒரு யானை கம்மி, சிப்பாய்கள் சிதறிக் கிடக்கின்றன, மற்றவர்கள் ரிசைன் பண்ணிவிட்டு காபி சாப்பிடப் போயிருப்பார்கள். இவர் மட்டும் சின்னச் சின்ன பொறியாக வைத்துக்கொண்டே இருப்பார். ஒன்றில் இல்லாவிட்டால் ஒன்றில் விழத்தான் செய்கிறார்கள்.

இதன் உச்சம் 2008ல் நடந்தது. அன்றைய தேதியில் உலகத்திலேயே பலமான செஸ் புரோகிராம் ரிப்கா. அதோடு நெட்டில் மூன்று நிமிட ஆட்டம். மனுஷன் கம்ப்யூட்டரோடு பிளிட்ஸ் ஆடுவது ரயிலோடு ஓட்டப்பந்தயம் வைக்கிற மாதிரி. நகமுரா ஓடவே இல்லை. சிப்பாய்களைக் கோத்துவிட்டு போர்டை மொத்தமாக இழுத்து மூடினார். உள்ளே உட்கார்ந்துகொண்டு காயை முன்னேயும் பின்னேயும் ஆட்டினார். நடுவில் தன் பெரிய காய்கள் சிலவற்றை வேண்டுமென்றே குறைந்த விலைக்குக் கொடுத்தார். ரிப்கா கூட்டிக் கழித்துப் பார்த்தது. 'நான்தான் லாபத்தில் இருக்கிறேன், டிரா எனக்கு நஷ்டம்' என்று கணக்குச் சொன்னது. செஸ்ஸில் ஐம்பது மூவுக்கு யாரும் சிப்பாயை நகர்த்தாமல், எதையும் வெட்டாமல் போனால் டிரா. அந்த டிராவைத் தவிர்க்க, மெஷின் நகர்த்தக்கூடாத ஒரு சிப்பாயை நகர்த்திக் கதவைத் திறந்தது. நகமுரா உள்ளே புகுந்தார். இருநூற்றைம்பது மூவுக்கு மேல் போன அந்த ஆட்டத்தில், ஜெயிப்பது உறுதியான பிறகு சிப்பாய்களை ராணியாக மாற்றாமல் பிஷப் பிஷப்பாக மாற்றிக்கொண்டே போனார்.

அந்தக் கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. மெஷினுக்கு அவமானம் தெரியாதுதான், பார்க்கிற நமக்குத் தெரிகிறதே. ஆனால் முதல் பகுதி இருக்கிறதே, அது மேதைமை. டிராவுக்கு அலட்டிக்கொள்கிற மெஷின் என்று எதிராளியின் குணத்தைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற வலையை மூன்று நிமிடத்தில் பின்னுவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை.

இப்படிப்பட்டவர் உலக பிளிட்ஸ் சாம்பியன் பட்டத்தை எத்தனை முறை ஜெயித்திருப்பார்? நெட்டில் செஸ்.காம் நடத்தும் ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப்பை 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்திருக்கிறார். 2022 ஃபைனலில் கார்ல்சனையே பதினாலரைக்குப் பதின்மூன்றரை என்று அடித்தார். ஆனால் சர்வதேச செஸ் சம்மேளனம் நேரில் உட்காரவைத்து நடத்தும் உலக பிளிட்ஸில், 2019ல் கார்ல்சனோடு சமமாக முடித்து டைபிரேக்கரில் வெள்ளி, 2022ல் மறுபடி வெள்ளி. 2025 வரை தங்கம் இல்லை.

ஏன்? நேரில் ஆடும்போது ப்ரீமூவ் கிடையாது. காயைக் கையால் எடுத்து வைக்கவேண்டும், கடிகாரத்தை அமுக்கவேண்டும். ஒவ்வொரு மூவுக்கும் இரண்டு விநாடி கூடுதலாகக் கிடைக்கும். முள் விழுவதை மட்டும் நம்பி ஆட முடியாது. நெட்டில் அவருக்குச் சும்மா கிடைக்கிற அந்த அரை அடி லீடு நேரில் காணாமல் போய்விடுகிறது. அரை அடி இல்லாவிட்டாலும் அவர் உலகத்தின் முதல் இரண்டு மூன்று பேரில் ஒருவர்தான். ஆனால் இரண்டாவது ஆள்.

நீண்ட ஆட்டத்துக்கு வந்தால் பிரச்னை இன்னும் தெளிவாகத் தெரியும். நான் பி.காம். படித்தவன், என் புத்தி வியாபாரத்தில்தான் போகும். பிளிட்ஸ் என்பது வால்யூம் பிசினஸ், ரங்கநாதன் தெரு மாதிரி. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர், ஒவ்வொருவரிடமும் நாலணா லாபம். பத்து பேரிடம் நஷ்டம் வந்தால் சாயங்காலக் கணக்கில் தெரியவே தெரியாது. இதில் ஜெயிக்க சராசரி நன்றாக இருந்தால் போதும். கிளாசிக்கல் செஸ் அப்படியில்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு பெரிய டெண்டர். அதில் ஒரு கையெழுத்து தப்பினால் சராசரி வந்து காப்பாற்றாது.

நகமுராவின் வாழ்க்கையில் அந்தக் கையெழுத்து தப்பிய நாட்கள் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. 2014 சூரிச். எதிரில் கார்ல்சன். அதுவரை கிளாசிக்கலில் அவரை நகமுரா ஜெயித்ததே இல்லை. அன்றைக்கு உலக சாம்பியனின் ராஜாவைச் சுற்றி வளைத்துவிட்டார். ஜெயிக்கிற வழி போர்டிலேயே இருந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்கவேண்டிய இடம் அது. வழி தவறியது. டிரா கூட இல்லை, தோல்வி. கார்ல்சனுக்கு எதிராக முதல் கிளாசிக்கல் வெற்றி வர 2016 ஜூலையில் பில்பாவோ போட்டி வரை காத்திருக்கவேண்டி வந்தது. அதற்குள் தோல்விகள் ஒரு டஜன்.

2022 மாட்ரிட் இன்னும் கொடுமை. உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டி. கடைசி ரவுண்டில் டிங் லிரெனோடு டிரா செய்தாலே நகமுராவுக்குத் தனியாக இரண்டாம் இடம். தோற்றார். டிங் இரண்டாம் இடத்துக்கு வந்தார். இரண்டு வாரம் கழித்து கார்ல்சன் 'எனக்குப் பட்டம் வேண்டாம்' என்று அறிவித்தார். இரண்டாம் இடத்தில் இருந்த டிங்குக்கு உலக சாம்பியன்ஷிப் ஆட்டம் கிடைத்தது. 2023ல் நெபோம்னியாச்சியை ஜெயித்து சாம்பியனும் ஆனார். அவரிடமிருந்துதான் 2024 டிசம்பரில் நம் குகேஷ் அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். ஒரு அரைப் புள்ளி எங்கிருந்து எங்கே போயிருக்கிறது பாருங்கள்!

டொரன்டோ 2024ல் மறுபடி கேண்டிடேட்ஸ். பதினாலு ஆட்டத்தில் நகமுரா தோற்றது இரண்டே இரண்டு. இரண்டுமே நாசிக் விதித் குஜராத்தியிடம். முதல் தோல்வியில் விதித் ஒரு பிஷப்பைத் தூக்கிக் கொடுத்து ராஜாவின் கோட்டையை உடைத்தார். கடைசி ரவுண்டில் குகேஷுக்கு எதிராக வெள்ளைக் காய், ஜெயித்தால்தான் வாய்ப்பு. குகேஷுக்கு அப்போது வயது 17. அசரவே இல்லை. டிரா. அரைப் புள்ளி வித்தியாசத்தில் குகேஷ் முதலிடம்.

இந்த மூன்றிலும் பொதுவான ஒன்று எனக்குப் படுகிறது. பிளிட்ஸ்காரர் என்றால் முரட்டுத்தனமாக ஆடித் தோற்பார் என்று நினைப்போம். நகமுரா அப்படித் தோற்பதில்லை. இளம் வயதில் அப்படி இருந்தார், உண்மை. 2007 பார்சிலோனாவில் க்ராசென்கோவுக்கு எதிராக ராணியையே கொடுத்து, வெள்ளை ராஜாவைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போர்டின் மறுபாதிக்குப் போனார். 28வது மூவில் க்ராசென்கோவ் ரிசைன். இன்றைக்கும் யூட்யூபில் கிடைக்கும் ஆட்டம், செஸ் தெரியாதவர்கள் கூடப் பார்க்கலாம். அந்த நகமுரா எங்கே போனார்? லட்சக்கணக்கான விநாடிகள் பிளிட்ஸ் ஆடியதில் அவர் கற்றுக்கொண்டது துணிச்சல் அல்ல, ஜாக்கிரதை. 'தப்பு பண்ணாதே, காத்திரு, அவன் தப்பு பண்ணுவான்' என்கிற பாடம். மூன்று நிமிட ஆட்டத்தில் எதிராளி நிச்சயம் தப்பு செய்வான். ஆறு மணி நேர ஆட்டத்தில் குகேஷ் செய்ய மாட்டார்.

ஆகவே, அவர் திருத்திக்கொள்ள வேண்டியது என்று நான் ஒன்றைச் சொல்வதானால், 'மெதுவாக ஆடு' என்று சொல்ல மாட்டேன். அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கட்டாயம் ஜெயிக்கவேண்டிய நாளில் காத்திருப்பதை விட்டு, தானே முதலில் கதவை உடைக்கும் பழக்கம் திரும்ப வேண்டும். ஆட்டத்தின் நடுவே 'இந்த ஒரு மூவ் மட்டும் வேறு' என்று அடையாளம் கண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பழக்கமும்.

இது முடியாத காரியமில்லை. நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த் வளர்ந்ததே சென்னை தால் செஸ் கிளப்பின் பிளிட்ஸ் வரிசையில்தான். ஜெயித்தவர் நாற்காலியில், தோற்றவர் வரிசையின் கடைசிக்கு. நாற்காலி வேண்டுமென்றால் வேகம் வேண்டும். சின்ன வயதில் அவர் பெரிய போட்டிகளிலும் அரை மணிக்குள் ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்து உலாத்திக்கொண்டிருப்பார். உலகமே வாய் பிளந்தது. 1988ல் பீல் நகரத்தில் கொலம்பியாவின் சபாடாவிடம் ஆறே மூவில் தோற்றார். ஆறு! முன்பு வேறு இரண்டு பேர் ஆடிய ஆட்டத்தில் வந்த மூவ் அது, ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் ஓட்டை தெரிந்திருக்கும். அந்த ஆனந்த்தான் 2008, 2010, 2012 என்று மூன்று உலக சாம்பியன்ஷிப் மேட்ச்களில் பொறுமையின் சிகரங்களை வீழ்த்தினார். வேகத்தை அவர் தொலைக்கவில்லை. 2017ல், 48 வயதில், ரியாத்தில் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். வேகம் அவருக்குப் பையில் இருக்கும் சில்லறை. தேவைப்பட்டபோது எடுத்தார்.

நகமுராவுக்கு வேகம் சில்லறை இல்லை, அதுவே தொழில். 2018ல் ட்விட்ச்சில் நேரடி ஒளிபரப்பு ஆரம்பித்தார். 2020 ஊரடங்கில் உலகமே வீட்டில் உட்கார்ந்தபோது அந்தக் கடை பிய்த்துக்கொண்டு போனது. ஆடிக்கொண்டே பேசுவார். 'இங்கே வெட்டினால் அவன் வெட்டுவான், நான் வெட்டுவேன், அவன் வெட்டுவான்' என்று மூச்சுவிடாமல். லட்சக்கணக்கான பேருக்கு செஸ்ஸை அறிமுகம் செய்தவர்களில் முக்கியமானவர். இதை நான் குறைத்துச் சொல்லத் தயாரில்லை. எங்கேயோ தனியாக உட்கார்ந்து, பேசாமல், தலையைப் பிடித்துக்கொண்டு ஆடும் விளையாட்டு என்றிருந்த பிம்பத்தை உடைத்தவர் அவர்.

அந்தக் கடை அவரைக் கெடுத்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு 2022 பெர்லின் பதில் சொல்லும். இரண்டு வருஷத்துக்கு மேல் கிளாசிக்கல் செஸ்ஸே ஆடாமல் வந்து, உலகத்தின் தலைசிறந்தவர்கள் ஆடிய கிராண்ட் பிரீ போட்டியை ஜெயித்துவிட்டுப் போனார். 2023ல் நார்வே செஸ். தோற்றாலும் வருமானத்துக்குக் குறைவில்லை என்கிற நிம்மதி அவர் தோளைத் தளர்த்திவிட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். 'எனக்கு எதுவானாலும் ஓகே' என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆனால் கடைசி ரவுண்டில் அப்படி ஓகே இல்லை என்று போர்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எனக்குக் கவலை அவரைப் பற்றியது அல்ல, அவரைப் பார்த்து வளரும் பையன்களைப் பற்றியது. 2021 மார்ச்சில் கார்ல்சனும் நகமுராவும் ஒரு நெட் போட்டியில் இரண்டாவது மூவிலேயே ராஜாவை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தி, விழுந்து விழுந்து சிரித்து, ஆறே மூவில் டிரா செய்தார்கள். இருவரும் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள், ஜாலி பண்ணினார்கள், சரி. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை செஸ் வகுப்பில் எத்தனை பத்து வயதுப் பையன்கள் ராஜாவை நடுத்தெருவுக்கு அனுப்பியிருப்பார்கள்! அவர்கள் பார்ப்பது கடைசிப் பத்து விநாடியை மட்டும். அதற்குப் பின்னால் ஏழு வயதிலிருந்து ஆடிய ஆயிரக்கணக்கான மெதுவான ஆட்டங்கள் வீடியோவில் வராது. நகமுராவின் வேகம் அந்த மெதுவான வருஷங்களில் சேர்த்த டெபாசிட்டின் வட்டி. பையன்கள் டெபாசிட்டே போடாமல் வட்டி எடுக்கப் பார்க்கிறார்கள்.

2025 அக்டோபரில் டெக்ஸஸில் அமெரிக்கா-இந்தியா காட்சிப் போட்டி. ஒரு வேக ஆட்டத்தில் குகேஷை ஜெயித்ததும் நகமுரா குகேஷின் ராஜாவை எடுத்துக் கூட்டத்தில் வீசி எறிந்தார். நாடகத்தனமாக எதையாவது செய்யச் சொல்லி நடத்தியவர்களே உற்சாகப்படுத்தினார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது. குகேஷ் ஒன்றும் சொல்லாமல் காய்களைப் பழையபடி அடுக்கி வைக்கிற ரகம். நம் ஊரில் பலருக்குக் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. அதே வருஷம் நார்வேயில், கடிகாரம் மெதுவாக ஓடிய ஆட்டங்களில், இருவரும் ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்தார்கள். அங்கே யாரும் எதையும் வீசவில்லை.

அந்த வருஷமே இன்னொன்றும் நடந்தது. 2026 கேண்டிடேட்ஸில் ரேட்டிங் அடிப்படையில் இடம் பிடிக்க, குறைந்தபட்ச கிளாசிக்கல் ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பூர்த்தி செய்யவேண்டும். அதற்காக உலகத்தின் இரண்டாம் நம்பர் ஆட்டக்காரர் லூசியானா மாநிலப் போட்டிக்கும், அயோவா ஓப்பனுக்கும் போய், உள்ளூர் ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து ஆடினார். விதிக்கு உட்பட்டதுதான். குறுக்கு வழி என்று சிலர் திட்டினார்கள். எனக்கு வேறு ஆசை வந்தது. அந்தச் சின்னக் கூடங்களில், காமிராவும் சாட் பெட்டியும் இல்லாமல், எதிரில் ஒரு பள்ளிக்கூடப் பையனோ ரிட்டயர்டு வாத்தியாரோ உட்கார்ந்து மூவுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும்போது, நகமுரா தன் முறை வருகிற வரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாராவது ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.